முன்னால் வால்வு, பின்னால் டிரான்சிஸ்டர்

ஷாமளாவுக்கு இடது காது கேட்காது. மகள் தேன்மொழிக்கு இது தெரியும். சிங்கப்பூர் டாக்டருக்குத் தெரியும். இப்போது உங்களுக்கும் தெரியும். முப்பத்திரண்டு வருஷம் கூடவே குடித்தனம் நடத்திய திருச்செல்வத்துக்கு மட்டும்தான் தெரியாது.

பேரனைப் பார்த்துக்கொள்ளப் போகிறேன் என்று மாசாய் வீட்டிலிருந்து பாலம் தாண்டி, சிங்கப்பூர் உட்லண்ட்ஸில் மகள் வீட்டுக்குப் போனவள், பேரன் பாலர் பள்ளிக்குப் போக ஆரம்பித்த பிறகும் திரும்பி வரவில்லை. "எப்ப வர்ற?" என்று திருச்செல்வம் போனில் கேட்பார். "பாக்கலாம்" என்பாள். அதற்கு மேல் கேட்க அவருக்குத் தெரியாது.

வியாழக்கிழமை அவளே கூப்பிட்டு, "ஞாயித்துக்கிழமை வர்றேன்" என்றாள். எதற்கு என்று சொல்லவில்லை. மனுஷர் அதைத் தனக்குச் சாதகமாகவே எடுத்துக்கொண்டார்.

ஞாயிறு காலை ஹாலைக் கூட்டித் துடைத்தார். மேலே காற்றாடி ஓடுகிறதா என்று ஒரு தடவை போட்டுப் பார்த்தார். இந்தக் காற்றாடியை, பாட்டு கேட்கும்போது 'கட கட' என்று தொல்லை பண்ணுகிறது என்று சொல்லி, பல வருஷங்களுக்கு முன்னால் கழற்றிப் போட்டவரும் இவர்தான். போன மாதம் ஆள் வைத்து மறுபடி மாட்டினார். ஹாலின் நடுவில் எப்போதும் ஒரே ஒரு நாற்காலிதான் கிடக்கும். அதில் உட்கார்ந்தால்தான் இரண்டு ஸ்பீக்கரும் ஒரே அளவாகக் கேட்கும் என்பது அவர் சட்டம். இன்றைக்கு அதன் பக்கத்தில் இன்னொரு நாற்காலி போட்டிருந்தார். இரண்டு பேருக்கும் சரியாகக் கேட்கும்படி ஸ்பீக்கர்களை அங்குலம் அங்குலமாக நகர்த்தி வைப்பதற்குள் இடுப்பு ஒடிந்துவிட்டது.

இந்த விஷயம் பழக்கமில்லாதவர்களுக்கு இரண்டு வார்த்தை. பாட்டு கேட்கிற சாமானில் இரண்டு பெட்டி உண்டு. இசைத்தட்டிலிருந்து வரும் மெல்லிய ஒலியை வாங்கிப் பக்குவம் பண்ணுவது பிரீ-ஆம்ப். அதை வாங்கி, தம் கட்டி, ஸ்பீக்கரைப் பேச வைப்பது பவர் ஆம்ப். திருச்செல்வத்திடம் இரண்டுமே வால்வில் ஓடியவை. அந்தக் காலத்து ரேடியோவில் சிவப்பாக எரியுமே, அந்தக் கண்ணாடி வால்வு. குரல் தேனாக வரும். ஆனால் பவர் ஆம்பில் இருந்த பெரிய வால்வுகள் விடும் சூடு, ரொட்டி சானாய் சுடும் கல்லுக்குப் பக்கத்தில் நிற்கிற மாதிரி இருக்கும். காற்றாடியும் கிடையாது. ஷாமளாவுக்கு மாதவிலக்கு நின்று உடம்பு தானாகவே கொதித்த வருஷங்களில் அவள் அந்த ஹாலுக்குள் வருவதையே விட்டுவிட்டாள். பின்கட்டில் துணி காயப்போடும் இடத்தில் முறத்தால் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். உள்ளே இவர் கண்ணை மூடிக்கொண்டு வீணை கேட்டுக்கொண்டிருப்பார்.

அவள் போன பிறகுதான் அவருக்கு உறைத்தது. பாட்டு முன்னைவிடச் சுத்தமாகக் கேட்டது. பாத்திரம் உருட்டும் சத்தம் இல்லை, குழாய்ச் சத்தம் இல்லை. ஆனால் ஒரு தட்டு முடிந்து ஊசி நின்றதும் வீடு அடங்கிப்போய்க் கிடந்தது. அந்த நேரம் அவருக்குப் பயமாக இருந்தது. அதனால் தட்டை மாற்றிக்கொண்டே இருந்தார்.

பிறகு ஒருநாள் அந்தப் பெரிய வால்வு ஆம்பை யோங் பெங் ஊரில் ஒருவரிடம் தள்ளிவிட்டார். அதற்குப் பதில் வால்வே இல்லாத டிரான்சிஸ்டர் பவர் ஆம்ப் ஒன்று வாங்கினார். கையை வைத்தால் வெதுவெதுப்பு மட்டும்தான். சின்ன வால்வு இரண்டு உள்ள பிரீ-ஆம்பை மட்டும் வைத்துக்கொண்டார். முன்னால் வால்வு, பின்னால் டிரான்சிஸ்டர். "இது என்னா கலப்படம் செல்வம்?" என்று பாட்டுக் கூட்டாளிகள் கிண்டலடித்தார்கள். முதலில் இரண்டு பெட்டியும் ஒத்துப்போகவில்லை. ஒன்றைப் பார்த்து ஒன்று உறுமியது. எர்த் கம்பியைச் சரிபண்ணி, இடம் மாற்றி வைத்து, வாரக்கணக்கில் மல்லுக்கட்டி உறுமலை அடக்கினார்.

எல்லாம் ஷாமளா காற்றாடிக்குக் கீழே உட்கார்ந்து பாட்டு கேட்பதற்காக. இதை அவளிடம் வாய்விட்டுச் சொல்லலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். சொல்ல வந்தால்தானே.

*

மகனைப் பக்கத்து ஃப்ளாட்டில் விட்டுவிட்டு வந்த தேன்மொழி, பாசிர் கூடாங் நெடுஞ்சாலையில் காரை ஓட்டிக்கொண்டிருந்தாள்.

"இன்னைக்காச்சும் சொல்லிருவீங்களாம்மா?"

"எத?"

"காது விஷயத்த."

"ஒரு தடவ சொல்லியாச்சு."

"அவருக்குக் கேக்கலன்னா?"

"எனக்குத்தான் காது கேக்காது. அவருக்குமா?"

தேன்மொழிக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள். பின்சீட்டில் ஒரு பெரிய பெட்டி இருந்தது. காலிப் பெட்டி. வீட்டில் மிச்சமிருக்கும் துணிமணியை எடுத்துக்கொண்டு வருவதற்குத்தான் ஷாமளா இன்றைக்கு வருகிறாள்.

"உறுதியாத்தான் முடிவு பண்ணிட்டீங்களா?" என்று கேட்டாள் தேன்மொழி.

"அவரு ஒரு வார்த்த, 'இங்கயே இரு'ன்னு சொன்னா இருந்திருவேன் தேனு. போனுலகூட சொல்லல. எப்ப வர்றன்னுதான் கேக்குறாரு. பஸ்ஸு எப்ப வரும்னு கேக்குற மாதிரி."

தேன்மொழியின் புருஷன் மகேஸ்வரனுக்கு எண்ணெய்க் கப்பலில் வேலை. போனால் மாதக்கணக்கில் வரமாட்டான். ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை பார்க்கும் அவள், ஷிப்ட் முடிந்து அந்த ஃப்ளாட்டுக் கதவைத் திறக்கும்போது உள்ளே விளக்கு எரிவது அம்மா வந்த பிறகுதான். அப்பா அந்த ஒரு வார்த்தையைச் சொல்லக்கூடாது என்று அவள் மனசின் ஒரு மூலை வேண்டிக்கொண்டது. அப்படி வேண்டிக்கொண்டதற்காக அவளுக்கே வெட்கமாக இருந்தது.

*

வாசலில் கார் நின்றதும் திருச்செல்வம் சட்டை பொத்தானைப் போட்டுக்கொண்டே வந்தார். அடுத்த வீட்டு மலாய்க்காரப் பெரியவர் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து, "டா பாலெக்?" என்று சிரித்தார். வந்தாச்சா என்று கேட்கிறார். "டா பாலெக், டா பாலெக்" என்று இவரும் சிரித்தார். பெட்டியைத் தூக்கினார்.

"லேசா இருக்கே."

"ம்" என்றாள் ஷாமளா.

அவர் அதோடு விட்டுவிட்டார். தேன்மொழி கூலாயில் ஒரு தோழியைப் பார்த்துவிட்டு நாலு மணிக்கு வருவதாகச் சொல்லிக் கிளம்பினாள். ஞாயிற்றுக்கிழமை சிங்கப்பூர்ப் பாலத்தில் கார் நிற்கும் லட்சணத்துக்கு, அதற்கு மேல் தாமதிக்க முடியாது.

ஹாலுக்குள் வந்த ஷாமளா அண்ணாந்து பார்த்தாள்.

"காத்தாடி மாட்டிருக்கீங்க?"

"ம். உக்காரு. ஒண்ணு போடுறேன், கேளு."

அவள் இரண்டு நாற்காலியையும் பார்த்தாள். எதில் உட்காருவது என்று அவளுக்குத் தெரியவில்லை. அவர் நடு நாற்காலியைக் காட்டினார். அதுவரை அதில் அவர் யாரையும் உட்காரவிட்டதில்லை.

பிரீ-ஆம்பைப் போட்டார். வால்வு சிவந்து சூடேறும்வரை நின்றார். பிறகுதான் பவர் ஆம்ப். அவசரப்பட்டு முன்பின்னாகப் போட்டால் ஸ்பீக்கரில் 'டொம்' என்று இடி விழும். தட்டை வைத்து ஊசியை இறக்கினார். பழைய பாட்டு. நடுவில் ஒரு பெண் குரல், வலது பக்கம் தபேலா, இடது பக்கம் வீணை.

"எப்பிடி இருக்கு?"

"நல்லா இருக்கு."

"வீண கேக்குதா? இடது பக்கம்?"

"கேக்குது."

"எங்கருந்து வருது, கையக் காட்டு."

சின்னப் பிள்ளை மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு எதிரே நின்றார். அந்த முகத்திடம் பொய் சொல்ல ஷாமளாவுக்கு வரவில்லை. வலது ஸ்பீக்கரைக் காட்டினாள்.

"எல்லாம் அங்கருந்துதான் வருது. இந்த இடது பக்கத்துப் பெட்டி ஓடுதா?"

திருச்செல்வத்துக்குப் பகீர் என்றது. இடது ஸ்பீக்கரில் காதை வைத்தார். வீணை கணீரென்று கேட்டது. அவளை எழுப்பிவிட்டு அதே நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தார். இரண்டு பக்கமும் சமமாகத்தான் இருந்தது.

"எனக்கு நல்லாத்தான் கேக்குது. ஆனா புது ஆம்பு, பழைய பிரீ. எங்கயோ சேரல போல. எனக்குக் கேட்டுக் கேட்டுப் பழகிருச்சு. நீ புதுசா கேக்குற, உனக்குத்தான் தெரியும். இரு, இரு."

பாசிர் கூடாங் தொழிற்சாலையில் பராமரிப்புப் பிரிவில் காலம் தள்ளியவர். கோளாறு கண்டுபிடிக்க அவருக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். இடதை வலதில் போடு, வலதை இடதில் போடு. கோளாறு கூடவே போனால், மாற்றிப் போட்ட சாமான்தான் குற்றவாளி. போகவில்லை என்றால் வேறு இடத்தில் தேடு.

பவர் ஆம்பை அணைத்தார். பிரீ-ஆம்பை அணைத்தார். வால்வு ஆறக் காத்திருந்து, துணியால் பிடித்துக் கழற்றி, இரண்டையும் இடம் மாற்றினார். மறுபடி போட்டார்.

"இப்ப?"

"வலது பக்கம்தான்."

இரண்டு பெட்டிகளையும் இணைக்கும் ஒயரை மாற்றினார்.

"இப்ப?"

"அதேதான்."

தரையில் மண்டியிட்டு ஸ்பீக்கர் ஒயரைக் கழற்றி மாற்றிச் சொருகினார். சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது. வீணையும் தபேலாவும் பக்கம் மாறின. ஷாமளாவின் விரல் மட்டும் மாறவில்லை.

அவள் நினைத்திருந்தால் முதல் தடவையிலேயே அவரை நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. அவளுக்கு என்ன கேட்கிறது என்று அவர் இத்தனை தடவை கேட்டது கல்யாணமான நாளிலிருந்து இதுதான் முதல் முறை. அது அவளுக்குப் பிடித்திருந்தது. பார்க்கப் பாவமாகவும் இருந்தது.

வாசல் பக்க வெயில் கண்ணாடி ஜன்னல் வழியாக அவள் முகத்தில் அடித்தது. எழுந்து நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு, ஸ்பீக்கர்களுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தாள். ஒயரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த திருச்செல்வம் அதைச் சரியாகக் கவனிக்கவில்லை. நிமிர்ந்து பார்க்காமலே கேட்டார்.

"இப்ப?"

"இந்தப் பக்கம்" என்று அவள் கையை நீட்டினாள்.

அவர் நிமிர்ந்தார். அவள் கை காட்டியது இவ்வளவு நேரம் ஊமை என்று அவள் சொன்ன ஸ்பீக்கரை. சரியாகிவிட்டது என்று ஒரு கணம் சந்தோஷப்பட்டார். அடுத்த கணம் நாற்காலியைப் பார்த்தார். கோளாறு இடம் மாறியிருந்தது. ஆனால் அவர் எதையும் மாற்றவில்லை. அவள்தான் திரும்பி உட்கார்ந்திருந்தாள்.

திருச்செல்வம் மெதுவாக எழுந்தார். பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அவளுடைய இடது பக்கம் போய் நின்று, தாழ்ந்த குரலில், "ஷாமளா" என்றார். அவள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இன்னொரு தடவை கூப்பிட்டார். அவள் புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டாள். சுற்றிக்கொண்டு வலது பக்கம் வந்தார்.

"ஷாமளா."

"என்னங்க?"

அவர் பாட்டை நிறுத்தினார். இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"எப்பலருந்து?"

"ரெண்டு வருஷம் ஆகப்போகுது."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னேன்."

அவர் விழித்தார்.

"ஒருநாள் காலையில எந்திரிக்கிறேன், இந்தப் பக்கம் பஞ்சு அடைச்சாப்ல இருக்கு. பயந்துபோயி வந்தேன். அந்தக் கதவுகிட்ட நின்னுதான் உங்ககிட்ட சொன்னேன். நீங்க கேட்டுக்கிட்டு இருந்தீங்க, பாட்டு. கைய இப்பிடிக் காட்டினீங்க."

உள்ளங்கையை அவர் முகத்துக்கு எதிரே நிமிர்த்திக் காட்டினாள். இரு, முடியட்டும் என்று.

"பாட்டு முடியட்டும்னு நின்னேன். முடிஞ்சிச்சு. நீங்க எந்திரிச்சுத் தட்டத் திருப்பிப் போட்டீங்க. சரின்னு நான் சமைக்கப் போயிட்டேன்."

அவர் நினைத்துப் பார்த்தார். அந்த நாள் நினைவுக்கு வரவே இல்லை. அப்படிக் கையைக் காட்டிய நாட்கள் எத்தனையோ இருந்தன. அதில் எந்த நாள் என்று எப்படித் தெரியும்?

"டாக்டர்கிட்ட போயிருக்கலாம்லா."

"சளி, தானா போயிரும்னு நெனச்சேன். அப்புறமாத்தான் தேனுகிட்ட சொன்னேன், அவ கூட்டிக்கிட்டுப் போனா. மொத வாரமே வந்திருந்தா மருந்து இருந்துச்சாம். இனிமே ஒண்ணும் பண்ண முடியாதாம்." அவர் முகத்தைப் பார்த்துவிட்டு அவசரமாகச் சொன்னாள். "உங்களக் குத்தம் சொல்லல. நானும்தான் சும்மா இருந்துட்டேன்."

குற்றம் சொல்லியிருந்தால் தேவலை என்று திருச்செல்வத்துக்கு இருந்தது. திட்டியிருந்தால் பதிலுக்கு எதையாவது சொல்லியிருக்கலாம். ஒரே வீட்டில், ஒரே மேசையில், பாதிக் காதோடு ஒருத்தி இருந்திருக்கிறாள். ஊசியில் தூசி ஒட்டினால் அடுத்த அறையிலிருந்தே கண்டுபிடிக்கும் மனுஷருக்கு அது தெரியவில்லை.

மத்தியானம் அவரே சமைத்து வைத்திருந்த மீன் கறியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்கள். வழக்கமான இடத்தில் உட்காரப் போனவர், தட்டை எடுத்துக்கொண்டு சுற்றி வந்து அவளுக்கு வலது பக்கம் உட்கார்ந்தார். ஷாமளா அதைப் பார்த்தாள். ஏதாவது சொல்லப்போகிறார் என்று சோற்றைப் பிசைந்துகொண்டே காத்திருந்தாள்.

"உப்பு பத்துதா?" என்று கேட்டார்.

"பத்துது" என்றாள்.

சாப்பிட்ட பிறகு அவள் அறைக்குள் போனாள். அலமாரி திறக்கும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து அவர் எட்டிப் பார்த்தார். கட்டிலில் பெட்டி திறந்திருந்தது. அவளுடைய பக்கத்து அலமாரித் தட்டுகள் காலியாகிக்கொண்டிருந்தன. காலையில் பெட்டி ஏன் லேசாக இருந்தது என்று அப்போதுதான் அவருக்கு விளங்கியது.

"எல்லாத்தையுமா எடுக்குற?"

"அங்க மாத்துத் துணி இல்ல."

நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். போகாதே என்ற வார்த்தை தொண்டைவரை வந்தது. காதைப் பற்றித் தெரிந்த அன்றைக்கே அதைச் சொன்னால் பரிதாபத்தில் சொல்வதாக நினைத்துவிடுவாளோ என்று குழம்பினார். இரண்டு புடவை மடிக்கும் நேரம் அப்படியே போனது. ஷாமளா பெட்டியை மூடினாள்.

நாலு மணிக்குத் தேன்மொழி வந்தாள். இப்போது கனமாக இருந்த பெட்டியை அவர்தான் தூக்கிக்கொண்டு போய்ப் பின்சீட்டில் வைத்தார். ஷாமளா முன்சீட்டில் ஏறிக் கதவைச் சாத்தினாள். தேன்மொழி இன்ஜினைப் போட்டு, ஏர்கோன் குளிர்காற்றைக் கூட்டி வைத்தாள். தெருமுனையில் இரண்டு மோட்டார் சைக்கிள்கள் உறுமிக்கொண்டு திரும்பின.

கார் நகரப் போகிறது. திருச்செல்வம் இரண்டே எட்டில் வந்து ஜன்னல் கண்ணாடியைத் தட்டினார். தேன்மொழி பொத்தானை அழுத்தி அதை இறக்கிவிட்டாள். ஷாமளா மடியில் இருந்த கைப்பையில் தலையைக் கவிழ்த்துப் பாஸ்போர்ட்டுகளைத் தேடிக்கொண்டிருந்தாள். அவர் குனிந்தார். சத்தமாகச் சொல்ல அவருக்கு வராது. அடுத்த வீட்டுப் பெரியவர் வேறு செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார்.

"போகாத ஷாமளா. இங்கயே இரு. அந்தச் சாமானெல்லாம் உனக்காகத்தான் மாத்தினேன். வேணாம்னா எல்லாத்தையும் தூக்கிப் போட்டுர்றேன். நீ இல்லாம என்னால இந்த வீட்டுல இருக்க முடியல."

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் ஒரே மூச்சில் பேசிய நீளமான பேச்சு அது. பேசிய இடம்தான் தவறு. காரின் முன்சீட்டில் டிரைவருக்குப் பக்கத்தில் இருப்பவருக்கு ஜன்னல் இடது பக்கம்.

பாஸ்போர்ட்டுகள் கைக்கு வந்தன. ஷாமளா நிமிர்ந்தாள். அவர் குனிந்து நிற்பதையும் வாய் அசைந்து நின்றதையும் பார்த்தாள். எதையோ சொல்லி முடித்திருக்கிறார். காது போனவர்கள் முதலில் கற்றுக்கொள்வது சிரித்துத் தலையாட்டுவதை. அவளும் சிரித்துத் தலையாட்டினாள்.

திருச்செல்வத்தின் கண் நிறைந்துவிட்டது. ஜன்னலிலிருந்து கையை எடுத்தார். கண்ணாடி ஏறியது. கார் முனை திரும்பும்வரை வெயிலிலேயே நின்றார். பெரியவர் தண்ணீர்க் குழாயோடு வேலியோரம் வந்து, போய்விட்டார்களா என்று கையால் கேட்டார்.

"மிங்கு டெபான் டியா பாலெக்" என்றார் திருச்செல்வம். அடுத்த வாரம் வந்துவிடுவாள் என்று. அடுத்த வாரம் என்று ஏன் சொன்னார் என்று அவருக்கே தெரியாது. தலையாட்டினாளே, அது போதும்.

கார் நெடுஞ்சாலையில் ஏறியது. முதல் சிக்னலில் நின்றது.

"அப்பா என்னமோ சொன்னாரே, என்ன சொன்னாரு?" என்று கேட்டாள் ஷாமளா.

அப்பா சொன்னதில் ஒரு வார்த்தைகூட விடாமல் தேன்மொழிக்குக் கேட்டிருந்தது. சிவப்பு விளக்கைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். நாளைக்கு இரவு ஷிப்ட். மகேஸ்வரன் வரத் தைப்பூசம் ஆகும். கை ஸ்டியரிங்கை இறுகப் பிடித்திருந்தது.

"பாத்துப் போங்கன்னாரும்மா."

"வேற ஒண்ணும் சொல்லலியா?"

"இல்லம்மா" என்றாள் தேன்மொழி.